சென்றவளும் நின்றவளும்

இயல்பால் ஒவ்வாத இளம்பெண்கள் ஒருங்கே வேற்றுநாடு செல்வதைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் மேலைநாட்டு இலக்கியத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. ஒருத்தி துணிவுடையவள்; மற்றவள் அஞ்சுபவள். ஒருத்தி உலகம் அறிந்தவள். மற்றவள் வீட்டுவாயில் தாண்டாதவள். சொந்த ஊரில் மறைந்து கிடந்த வேற்றுமை அயல்மண்ணை மிதித்த அளவிலே வெளிப்பட, அவ்வெளிப்பாடே கதையாகின்றது. ஈ. எம். ஃபோஸ்டர் 1908இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் லூசி என்னும் இளம்பெண்ணும், அவளுக்குக் காவலாக வரும் மூத்த உறவினளாகிய சார்லட்டும் இத்தாலியின் புளோரன்சு நகருக்குச் செல்கின்றனர். காணும் காட்சி ஒன்றாயினும் கண்கள் வேறு என்பதை அந்நாவல் காட்டுகின்றது. இளையோர் பெரிதும் விரும்பிப் படித்த ஆன் பிரஷேர்ஸ் என்பாரின் அமெரிக்க நாவல் 2001இல் வந்தது. அதில் வரும் நான்கு தோழியரும் குணத்தால் நான்கு திசையினர். ஒரு கோடை விடுமுறையில் ஒருத்தி கிரேக்க நாட்டுக்கும், ஒருத்தி மெக்சிக்கோவுக்கும், ஒருத்தி தந்தை வாழும் வேறு மாநிலத்துக்கும் செல்ல, ஒருத்தி மட்டும் ஊரிலே தங்கிவிடுகின்றாள்.

இத்தகைய கதை தமிழில் உண்டோ எனின், உண்டு. அதுவும் ஈழத்துக் கரையைத் தொட்டு நிற்கும் கதையாகவே உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையே அது. 1898இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை ஆராய்ந்து அச்சேற்றியது தொடக்கம், அறிஞர் பலரும் அதன் சமயக் கொள்கையையும், அளவை நூல் மரபையும், அமுதசுரபியின் அறத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வகுப்பறைகளிலும் பசிப்பிணி தீர்த்த பகுதியே பெரிதும் பயிலப்படுகின்றது. அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், அக்காப்பியத்தின் தொடக்கத்தில் இரண்டு பெண்கள் வீட்டை விட்டு ஒருங்கே புறப்படுகின்றனர் என்பதும், அவருள் ஒருத்தி கடல்கடந்து செல்ல மற்றவள் நின்றுவிடுகின்றாள் என்பதும் போதிய அளவு நோக்கப்படவில்லை. சென்றவள் மணிமேகலை, நின்றவள் சுதமதி. நின்றவளைத் தோழி என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டுப் படிப்போர் சாத்தனாரின் கதைத்திறனிற் பாதியை இழந்தவராவர்.

முதலில் இருவரிடையே உள்ள ஒவ்வாமையை நோக்குக. மணிமேகலை நாடகக் கணிகையர் குடியிற் பிறந்தவள், கோவலன் மகள், புகார் நகரத்தார் அனைவரும் பெயர் அறிந்தவள். தாய் மாதவி துறவு பூண்டு, மகளையும் அவ்வழியே நிறுத்த முயல்கின்றாள். பாட்டியாகிய சித்திராபதியோ குலத்தொழிலுக்கு மீட்க முயல்கின்றாள். இவ்விருவர் இழுப்புக்கும் இடையில் நிற்கும் மணிமேகலைக்குத் தன் விருப்பம் யாதென்பது இன்னும் தெளிவாகவில்லை.

சுதமதி வடநாட்டுச் சண்பை நகரத்து அந்தணன் கௌசிகனின் மகள். பூக்கொய்யச் சென்ற இடத்தில் விஞ்சையன் ஒருவன் அவளை வானவழியே கவர்ந்து வந்து, சிலகாலம் உடன்வாழ்ந்து, புகாரிலே கைவிட்டுச் சென்றான். மகளைத் தேடிவந்த தந்தை அவளைக் கண்டான். ஆயினும் ஐயமேற்றுத் திரிந்தபோது மாடு முட்டிக் குடல் சரிந்தது. அடைக்கலம் தேடிய இடத்தில் ஏற்பார் இன்றி இருவரும் தெருவில் நின்று கதறியபோது, சங்கதருமன் என்னும் பௌத்தத் துறவி அவர்களுக்குப் புகலிடம் காட்டினான். எனவே, புகார் மணிமேகலைக்குப் பிறந்த ஊர். சுதமதிக்கோ வந்து விழுந்த ஊர். இருவரும் ஒரே தெருவில் நடந்தாலும் ஒருத்தி தன் ஊரில் நடக்கின்றாள்; மற்றவள் வேற்றூரில் நடக்கின்றாள். குலத்தாலும் நாட்டாலும் பட்டறிவாலும் இவ்வளவு வேறுபட்ட இருவரை இணைத்த கவி, அவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தொழிற்படுத்தவும் செய்கின்றார்.

தந்தைக்கு நேர்ந்ததைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் பட்டு, தொடுத்த மாலை தூய்மை இழக்கின்றது. புதிய மலர் கொய்து வருமாறு மாதவி பணிக்கின்றாள். அவ்விடத்தில் எச்சரிக்கை கூறுபவள் சுதமதியே. அரசிளங்குமரன் உதயகுமரனின் நாட்டம் மணிமேகலைமேல் உள்ளது என்றும், அவளைத் தனியே விடுதல் தகாது என்றும் கூறுகின்றாள். வெறும் அறிவுரையாக அன்றிப் பூக்கொய்யப் போன தனக்கு நேர்ந்ததையே எடுத்துக்காட்டாகச் சொல்கின்றாள். எந்தப் பூவனம் காவலுடையது, எது அன்று என்று எண்ணிப் பார்த்து உவவனத்தைத் தேர்ந்தவளும் அவளே. இடறி விழுந்தவள் பின்னால் வருபவளுக்கு வழிகாட்டுவது போன்றது அது.

உவவனத்தில் உதயகுமரன் எதிர்ப்பட்டபோது மணிமேகலை பளிக்கறையினுள் மறைகின்றாள். வெளியே நின்று இளவரசனுக்கு முகங்கொடுத்தவள் சுதமதி. பெண்ணறிவு பெரியோர்க்கு யாது சொல்லவல்லது என்ற பணிவோடு தொடங்கி, வினையால் வந்து மூப்பும் பிணியும் சூழ்ந்து அழியும் உடம்பின் இயல்பை அவனுக்கு எடுத்துரைக்கின்றாள். நாட்டை ஆளப்போகும் ஒருவனிடம், கைவிடப்பட்ட அயலூர்ப் பெண் ஒருத்தி இவ்வாறு பேசுதல் சிறிய செயல் அன்று. அவன் அகன்ற பின்னர், தன்னை இழித்துப் பேசிய அயலான் பின்னே தன் நெஞ்சம் சென்றது என்ற உண்மையை மணிமேகலை மறைக்காது கூறுவதும் சுதமதியிடமே. தாயிடம் கூறமாட்டாத ஒன்றைக் கூறத்தக்க துணையாக அவள் அமைந்தாள். ஒவ்வாத இருவர் உற்ற துணைவராகும் இக்கட்டத்தைச் சாத்தனார் மிகைப்படுத்தாது, ஆயினும் விட்டுவிடாது, அளவறிந்து அமைத்துள்ளார்.

இனி, பிரிவு. மணிமேகலா தெய்வம் நகரத்துப் பெண் வடிவில் வந்து, அரசிளங்குமரனுக்குத் தப்புவதற்குச் சக்கரவாளக் கோட்டத்துக்குச் செல்லுமாறு கூறி, அவ்விடத்தின் வரலாற்றையும் சொல்கின்றது. கேட்டுக்கொண்டிருந்த சுதமதி உறங்கிவிடுகின்றாள். அவ்வேளையில் தெய்வம் மணிமேகலையை எடுத்து, வானவழியே தெற்கே முப்பது யோசனை சென்று, மணிபல்லவம் என்னும் தீவில் வைத்துவிட்டு நீங்குகின்றது.

ஒருத்தி வழியிலேயே நின்றுவிட்டாளாயின், இருவர் பயணம் என்று இதனைக் கூறுவது எங்ஙனம் என ஒருவர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை காப்பியத்தின் அமைப்பிலேயே உள்ளது. ஏழாவது காதை துயிலெழுப்பிய காதை. எட்டாவது மணிபல்லவத்துத் துயருற்ற காதை. முன்னதில் விழித்தெழுபவள் சுதமதி. பின்னதில் விழித்தெழுபவள் மணிமேகலை. இருவரும் உறங்கினர், இருவரும் துணையின்றி விழித்தனர், இருவரும் அஞ்சினர், இருவரும் முற்பிறப்புச் செய்தி அறிந்தனர். இவ்வளவு ஒப்புமை தற்செயலாக நேர்ந்தது எனல் பொருந்தாது. ஒரு பயணத்தின் இரு முகங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதே கவியின் கருத்து என்க.

சுதமதியின் இரவை நோக்குக. தெய்வம் அவளை எழுப்பி, மணிமேகலை ஏழாம் நாள் மீள்வாள் என்றும், இதனை மாதவிக்கு அறிவிக்க என்றும் பணித்து மறைகின்றது. காவலாக வந்தவள் காக்க வேண்டியவளை இழந்து நிற்கின்றாள். நகரத்தின் நள்ளிரவு ஒலிகள் ஒவ்வொன்றாய்க் கேட்கும் அவ்வேளையில், அஞ்சத்தக்க சுடுகாட்டை அடுத்த கோட்டத்தினுள் அவள் தனியே புகுகின்றாள். அங்கே தூணில் அமைந்த பாவை வாய்திறந்து, அவளை முற்பிறப்புப் பெயரால் விளிக்கின்றது. அரசன் இரவிவன்மனின் மகளிர் மூவர் தாரை, வீரை, இலக்குமி. கள்ளுண்ட மயக்கில் யானையின் முன் சென்று மாண்டவள் வீரை. அத்துயர் தாங்காது மாடத்திலிருந்து வீழ்ந்து இறந்தவள் தாரை. அவ்வீரையே இப்பிறப்பில் சுதமதி, தாரையே மாதவி, தங்கை இலக்குமியே மணிமேகலை.

இவ்விடத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. அந்தணன் மகளும் கணிகை மகளும், சண்பையாளும் புகாராளும், உண்மையில் உடன்பிறந்த தமக்கையும் தங்கையுமே என்பது ஒன்று. இதுகாறும் காட்டிவந்த ஒவ்வாமை அனைத்தும் ஒரு பிறப்பின் மேற்போர்வை என்று கவி அதனைக் களைந்துவிடுகின்றார். மறுபிறப்புக் கொள்கையைச் சமய உண்மையாக ஏற்போரும் ஏற்காதோரும், கதையமைப்பில் அஃது ஆற்றும் பணியை மறுக்க இயலாது. குலமும் நாடும் மனிதரை எவ்வளவு பிரிப்பினும், அவற்றுக்கு அடியில் உறவு ஒன்று உண்டு என்பதைச் சொல்லுதற்குச் சாத்தனார் தம் காலத்து மொழியைக் கையாண்டார்.

மற்றொன்று, பலரும் கவனியாதது: முற்பிறப்புச் செய்தியை முதலில் அறிந்தவள் சுதமதியே. மணிமேகலை மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டு பிறப்புணர்வது ஒன்பதாவது காதையில். சுதமதி அறிவதோ ஏழாவது காதையில். கடல்கடந்து சென்றவள் பெற்ற அறிவை, ஊரெல்லையில் நின்றவள் அதற்கு முன்னரே பெற்றுவிட்டாள். அறிவு பெறுதற்கு அயல்நாடு சென்றே தீரவேண்டும் என்று கருதுவோர்க்கு இஃது ஒரு விடை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சுதமதி பிறர் சொல்லக் கேட்டாள். மணிமேகலை தானே கண்டாள். கேட்டவள் நடுங்கிய நெஞ்சோடு விடியலில் வீடு சென்று, உறங்காதிருந்த மாதவியிடம் செய்தி சொன்னாள். கண்டவள் மூன்று மந்திரமும் அமுதசுரபியும் பெற்று வாழ்வின் திசையையே மாற்றிக்கொண்டாள். கேள்வியறிவு கடமையாற்றியது, காட்சியறிவு ஆளையே மாற்றியது. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று தாழ்த்தாது வைத்த இடமே சாத்தனாரின் சிறப்பு.

மணிமேகலை விழித்த விடியற்காலையும் அத்துணை நுட்பமானது. கடற்கரையில் எழுந்தவள் அஃது உவவனத்தின் தான் அறியாத ஒரு பகுதியோ என மயங்குகின்றாள். சுதமதி தன்னை வருத்துதற்கு ஒளிந்துகொண்டாள் என எண்ணி அவளை அழைக்கின்றாள். மாதவி அஞ்சுவாளே என வருந்துகின்றாள். மணற்குன்றும் பொழிலும் புள்ளினம் நிறைந்த நீர்நிலையும் கண்டு அலைகின்றாள். பின்னரே தந்தையை நினைந்து கதறி அழுகின்றாள். அறியாத நிலத்தில் விழித்தவள் முதலில் தேடியது தெய்வத்தை அன்று, உடன்வந்த தோழியை. பின்னாளில் சமயவாதிகள் பலரோடு சொல்லாடப் போகும் பெண்ணைச் சாத்தனார் முதலில் ஒரு சிறுபெண்ணாகவே காட்டினார்.

மணிபல்லவம் எது என்பது அறிஞரிடையே வழக்குடைய பொருள். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அதனை யாழ்ப்பாணத்தோடு பொருத்தினார். நயினாதீவே அஃது எனக் கொள்வோர் பலர். நாக அரசர் இருவர் மணியாசனம் குறித்துப் பொருதனர் என்றும், புத்தர் அப்போரைத் தணித்தார் என்றும் கூறும் கதை மகாவமிசத்தில் நாகதீபத்தோடும், மணிமேகலையில் மணிபல்லவத்தோடும் சார்த்திச் சொல்லப்படுதல் அவர்க்குத் துணையாகும். காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஏறக்குறைய நேர்தெற்கில் நயினாதீவு அமைந்திருத்தலும் கருதற்குரியது. யோசனை என்னும் அளவு இடத்துக்கிடம் வேறுபடுதலின், தொலைவைக் கொண்டு முடிபு கூறுதல் அரிது. குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவுக்குச் செல்லும் மாணவர், நாகபூஷணி அம்மன் கோயில் வாயிலிற் கால்வைக்கும்போது, காப்பியம் ஒன்றின் கரையிலே நிற்கக்கூடும் என்ற நினைவோடு நிற்பாராயின் அதுவே போதும்.

அத்தீவிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குக என்றும், அவர்க்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும் அது விதிக்கின்றது. காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டதாயினும், வந்தோரும் உடைந்தோரும் ஒதுங்கிய கடல் அஃது என்பதற்கு அக்கல்லே சான்று.

சாத்தனாரின் மணிபல்லவமும் அத்தகைய தீவே. அமுதசுரபியைக் கையிற் கொண்டிருந்த ஆபுத்திரன், கப்பல் தங்கிய வேளையில் அத்தீவில் இறங்கினான். அவன் ஏறினான் என எண்ணிக் கப்பல் சென்றுவிட்டது. கொடுப்பதற்குப் பாத்திரம் இருந்தும் பெறுவார் இல்லாத தீவில், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர்நீத்தான். அவனே சாவக நாட்டில் புண்ணியராசனாய்ப் பிறந்து, பின்னர் மரக்கலம் ஏறி அதே தீவுக்கு வந்து, தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே காண்கின்றான். அப்போது அவனோடு வந்தவள் மணிமேகலை. அரசன் கலத்தில் வர, துறவு நெறி நின்ற இளம்பெண் வான்வழி வந்து கரையில் அவனை எதிர்கொள்கின்றாள். முதற் பயணத்தில் தோழியைத் தேடி அழுத பெண், இப்பயணத்தில் ஓர் அரசனுக்கு வழிகாட்டுகின்றாள். வளர்ச்சி என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இத்துணைச் சிறப்பும் கூறியபின், குறையும் கூறுதல் திறனாய்வின் கடமை. ஏழாம் நாள் வந்தும் மகள் வரவில்லையே என மயங்கிய மாதவியின் முன் மணிமேகலை வந்து தோன்றி, தாய்க்கும் சுதமதிக்கும் முற்பிறப்பு உறவைக் கூறுகின்றாள். அதனைச் சுதமதி முன்னரே அறிவாள். அறிந்தவள் அப்போது என்ன சொன்னாள்? ஏழுநாளும் என்ன நினைந்து இருந்தாள்? தன்னைத் தனியே விட்டுச்சென்ற தங்கையை எங்ஙனம் வரவேற்றாள்? காப்பியம் பேசவில்லை. அதன்பின் சுதமதியின் பெயர் பெரும்பாலும் மாதவியின் பெயரோடு இணைந்தே வருகின்றது. இளவரசனுக்கு அறம் உரைத்த குரல் அடங்கிவிடுகின்றது.

இதனினும் பெரிய மௌனம் ஒன்று உண்டு. இந்திர விழா கைவிடப்பட்டமையால் புகாரைக் கடல்கொள்கின்றது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு வஞ்சி நகர் சென்றனர் என்ற செய்தியைத் தீவதிலகை என்னும் காவல் தெய்வம் மணிபல்லவத்தில் வைத்து மணிமேகலைக்குக் கூறுகின்றது. ஊரிலே நின்றவளுக்கு நிற்க ஊர் இல்லாமற் போயிற்று. சண்பையிலிருந்து புகாருக்கு, புகாரிலிருந்து வஞ்சிக்கு, வஞ்சியிலிருந்து காஞ்சிக்கு. எண்ணிப் பார்ப்பின் சுதமதியும் நெடும்பயணம் செய்தவளே. மணிமேகலை மந்திர வலியால் வானிற் சென்றாள். சுதமதிக்கு மந்திரம் இல்லை. அவள் நடந்த வழியையும், மூழ்கிய நகரைத் திரும்பிப் பார்த்தாளோ என்பதையும் நூல் சொல்லவில்லை. பிறர் வாயிலாகச் சில அடிகளில் வரும் செய்தியாக அப்பெருந்துயர் முடிந்துவிடுகின்றது.

காப்பியம் மணிமேகலையின் துறவைக் கூற எழுந்தது. துணைப் பாத்திரத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்க இயலாது என்று கவிக்குச் சார்பாக வாதிடலாம். அவ்வாதம் ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயின், ஆதிரைக்கும் காயசண்டிகைக்கும் தனித்தனிக் கதை விரித்த கவி அவர். எனவே இடமின்மை முழுவிடை ஆகாது. ஏழாவது காதையில் ஓர் இரவு முழுவதையும் சுதமதிக்குக் கொடுத்தமையாலேயே பின்னைய மௌனம் உறுத்துகின்றது.

மேலே குறித்த அமெரிக்க நாவலோடு ஒப்பிடின் இது விளங்கும். அந்நாவலில் ஊரில் தங்கிய பெண் ஒரு கடையில் வேலை செய்கின்றாள். அங்கே நோயுற்ற சிறுமி ஒருத்தியோடு நட்பாகி, அவள் இறப்பையும் காண்கின்றாள். அயல்நாடு சென்ற தோழியர் எவரது அனுபவத்துக்கும் அஃது ஆழத்தில் தாழ்ந்ததன்று. நால்வரும் மாறிமாறி அணியும் ஒரு காற்சட்டை அஞ்சலில் சென்று அவர்களைப் பிணைக்கின்றது. சாத்தனார் காப்பியத்தில் அப்பிணிப்பு முற்பிறப்பு நினைவு. காற்சட்டையினும் அது வலியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நின்றவளின் கதையை இறுதிவரை விடாது சொன்ன பொறுமை அவ்வெளிய நாவலுக்கே உரியது.

இவ்வொப்பீடு யாழ்ப்பாணத்து வாசகர்க்கு வெறும் இலக்கிய விளையாட்டு அன்று. 1913இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென விடுதியோடு கூடிய கல்லூரியை நிறுவியபோது, வீடு விட்டு வந்து வேற்றூர்ப் பெண்ணின் அருகே பாய் விரித்துப் படுத்தலே பல சிறுமியர்க்கு முதற் பயணமாயிற்று. அயலாளாக வந்தவள் தோழியானது அத்தகைய விடுதிகளிலேதான். பின்னர், 1983ஆம் ஆண்டுக்குப் பின்வந்த காலத்தில், ஒரே வாங்கில் அமர்ந்து படித்த இருவருள் ஒருத்தி கடல்கடந்ததும், ஒருத்தி நின்றதும், நின்றவளும் 1995இல் தென்மராட்சிக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்ததும் இக்குடாநாட்டில் வீடுதோறும் அறிந்த செய்தி. சென்றவர் கதை பலவாக எழுதப்பட்டுள்ளது. நின்றவர் கதையோ, மாதவியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சுதமதியின் பெயர்போல, பிறர் கதையின் ஓரத்திலேயே பெரும்பாலும் நிற்கின்றது.

இறுதியில் காஞ்சி நகரில் அறவண அடிகளோடு மாதவியும் சுதமதியும் வர, மணிமேகலை அவர்களை மீண்டும் காண்கின்றாள். கடல்கண்டவளும் கடல்கொண்ட ஊரிலிருந்து வந்தவளும் எதிரெதிர் நிற்கும் அக்காட்சியில் இருவரும் பேசிக்கொண்டது யாது என்று நூல் சொல்லவில்லை. மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர் அவ்விடத்திற் சற்றே நிறுத்தி, சுதமதி என்ன சொல்லியிருப்பாள் என மாணவியரை எழுதச் சொல்வாராயின், சாத்தனார் விட்ட இடம் ஒருவாறு நிரம்பும். எழுதப்போகும் மாணவியருள் சிலர்க்கேனும் அவ்விடை வீட்டிலேயே கிடைக்கும்.